திண்ணை, நாற்காலி, பாய்: ஆசிரியர் உடையின் பயணம்

ஆசிரியரின் உடையைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் புடவையா சுடிதாரா என்ற கேள்வியில் தொடங்கி, கண்ணியம், பண்பாடு என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. அந்த உடையை உடுத்தியவர் காலை முதல் மாலை வரை எங்கே நிற்கிறார், எங்கே உட்காருகிறார், எதை எட்டி எழுதுகிறார், யாரைக் குனிந்து தூக்குகிறார் என்ற கேள்வி அந்தப் பேச்சில் இடம்பெறுவது அரிது. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளிக்குத் தலைக்கவசமும் கனத்த காலணியும் ஏன் வேண்டும் என்று யாரும் விவாதிப்பதில்லை. அங்கே தொழிலே உடையை முடிவு செய்துவிடுகிறது. வகுப்பறையும் ஒரு தொழிற்களம்தான் என்று ஏற்றுக்கொண்டால், ஆசிரியரின் உடையையும் அந்தத் தொழிலின் கண்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்க்கும்போது, கடந்த இருநூறு ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஆசிரியர் அமர்ந்த இடம் இரண்டு முறை மாறியிருப்பதும், அந்த இடத்துக்கு ஏற்ப உடையின் பொருளும் மாறிவந்திருப்பதும் தெரியவரும். திண்ணை, நாற்காலி, பாய் என்பன அந்த மூன்று இடங்கள்.

இந்த மாற்றத்தின் தடங்களைக் காண்பதற்குப் பெருநகரங்களைத் தேடிப் போகத் தேவையில்லை. கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்துக்கு வடக்கே, தென்பெண்ணையாற்றின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஒரு பேரூராட்சியே போதும். விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் ரயில் பாதையில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே இதற்கு ஒரு நிலையம் உண்டு. கரும்பும் நெல்லும் விளையும் இந்த வட்டாரத்தின் பள்ளிகளுக்குக் காலையில் பேருந்திலும் ரயிலிலும் ஸ்கூட்டரிலும் வந்து இறங்கும் ஆசிரியைகளைக் கவனித்தால், கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, துவைத்து உதறினால் உலர்ந்துவிடும் செயற்கை இழைப் புடவை, தோளில் ஊக்குக் குத்திய ஷாலுடன் சுடிதார் என மூன்று வகை உடைகளும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கக் காணலாம். அந்த மூன்றின் பின்னாலும் தனித்தனி வரலாறு இருக்கிறது.

திண்ணையில் அமர்ந்தவர்

திண்ணைப் பள்ளி என்பது ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ, ஊரின் பொதுவிடம் ஒன்றிலோ நடைபெற்ற பள்ளி; மாணவர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகி, கை தேறிய பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் செல்வர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்கள் வழியாக இத்தகைய பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826இல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மாணவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. கற்பித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு அரசுச் சம்பளம் கிடையாது, மாணவர் வீடுகள் தரும் பணமும் தானியமுமே வருவாய்.

இந்த ஆசிரியருக்கென்று தனி உடை எதுவும் இருக்கவில்லை. ஊரில் மற்றவர் உடுத்திய வேட்டியும் தோளில் கிடந்த துண்டும்தான் அவருடைய உடையும். மாணவர் தரையிலும் அவர் அதைவிட ஒரு முழம் உயர்ந்த திண்ணையிலும் சம்மணமிட்டு அமர்ந்ததால், அவருடைய மதிப்பு அமர்ந்த உயரத்திலும் கையிலிருந்த பிரம்பிலும் வெளிப்பட்டதே தவிர, உடையில் வெளிப்பட வேண்டிய தேவை எழவில்லை. ஆசிரியருக்கென ஒரு உடை வேண்டும் என்ற எண்ணம், ஆசிரியர் அரசின் அல்லது ஒரு நிறுவனத்தின் பணியாளராக மாறிய பின்னர் வந்தது.

நாற்காலி வந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் பெருகியபோது, வகுப்பறைக்குள் நாற்காலியும் மேசையும் கரும்பலகையும் நுழைந்தன. மேல்பட்டாம்பாக்கமும் இந்த அலையிலிருந்து விலகி நிற்கவில்லை. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு தொடர்வதை ஏற்க முடியாமல் லைப்சிக் மிஷனிலிருந்து வெளியேறிய கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், 1860களின் தொடக்கத்தில் இவ்வூரில் பெத்தானியா என்ற பெயரில் ஒரு மிஷன் நிலையத்தை அமைத்தார். டேனிஷ் மிஷனரி சங்கம் அதனை ஏற்றுக்கொண்டதைத் தொடர்ந்து வளர்ந்த பணியே பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக உருவெடுத்தது.

நாற்காலியில் அமர்ந்த ஆசிரியரின் உடை, அலுவலகத்தில் அமர்ந்த எழுத்தரின் உடையை ஒத்திருந்தது. பஞ்சகச்சம், கழுத்துவரை பொத்தானிட்ட நீண்ட கோட்டு, தலைப்பாகை என்ற வரிசையில் கீழ்ப்பாதி உள்ளூரையும் மேற்பாதி அரசையும் சார்ந்திருந்த அந்த உடையின் கடைசிப் புகழ்பெற்ற வடிவத்தை, திருத்தணிப் பகுதியில் பிறந்து, 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் வெள்ளைத் தலைப்பாகையிலும் நீண்ட கோட்டிலும் காணலாம். அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவதால், ஆண்டுதோறும் பள்ளிச் சுவர்களில் ஒட்டப்படும் அவருடைய படமே ‘ஆசிரியர்’ என்ற சொல்லுக்குக் குழந்தைகள் முதலில் காணும் உருவமாக அமைந்துவிடுகிறது.

பெண்களின் வரலாறு இவ்வளவு எளிதாக நகரவில்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதியில், மிஷன் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் எழுத்தறிந்த நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதற்கு எதிராக எழுந்த வன்முறையும் அதற்கு எதிரான பல்லாண்டுப் போராட்டமும் தோள்சீலைப் போராட்டம் என்று வழங்கப்படுகின்றன; 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனம் அவர்களுக்கு மேலாடை அணியும் உரிமையை, சில கட்டுப்பாடுகளுடன், ஏற்றுக்கொண்டது. படித்த பெண் எதை உடுத்தலாம் என்பதைப் பிறர் முடிவு செய்யும் வழக்கத்துக்கும், அதை அந்தப் பெண்ணே எதிர்த்து நின்ற வழக்கத்துக்கும் தமிழ் மண்ணில் இவ்வளவு நீண்ட வயது இருக்கிறது என்பதை இன்றைய உடை விவாதங்கள் மறந்துவிடக் கூடாது.

இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஆர்.எஸ். சுப்பலட்சுமி, சிறுவயதிலேயே கணவரை இழந்தவர்; அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய சாரதா இல்லம், தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கும் பணியை மேற்கொண்டது. தலை மழிக்கப்பட்டு, ஒற்றைச் சீலையுடன் வீட்டின் பின்கட்டில் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், பயிற்சி பெற்ற ஆசிரியையாகத் தெருவில் நடந்து பள்ளிக்குச் செல்வது அக்காலத்தில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்று முழுமையாக உணர்வது கடினம். ஆசிரியைக்கு ‘அடக்கமான உடை’ என்ற எதிர்பார்ப்பு இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. வெளியில் வந்த பெண்ணை ஊர் சந்தேகத்தோடு பார்த்தபோது, நன்கு போர்த்திய புடவை அவளுக்கு ஒரு கவசமாக இருந்தது. கவசமாக வந்த ஒன்று, தேவை நீங்கிய பின்னும் கட்டாயமாகத் தங்கிவிட்டது.

ஐந்தரை மீட்டரின் நுட்பம்

இன்று ஆசிரியைகள் பொதுவாக உடுத்தும் புடவைக் கட்டு நிவி கட்டு எனப்படும். கொசுவத்தை முன்பக்கம் மடித்துச் செருகி, முந்தானையை இடது தோளில் விடுவது இதன் முறை. உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்ந்த இந்த முறையின் பரவலில், வங்காளத்தின் தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ஞானதானந்தினி தேவிக்கு முக்கியப் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் பம்பாயில் கண்ட பாணியைத் தழுவி உருவாக்கிய கட்டு, படித்த பெண்களிடையே நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பிருந்த கட்டுகள் வேறு. கொசுவத்தைப் பின்பக்கம் வைக்கும் பின்கொசுவம், ஒன்பது கஜத்தில் கால்களுக்கிடையே சுற்றிக் கட்டும் மடிசார், கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி உடுத்திய செட்டிநாட்டுக் கண்டாங்கி ஆகிய யாவும் குனிந்து நிமிரவும் எட்டி நடக்கவும் இடம் கொடுத்த கட்டுகள். தென்பெண்ணைக் கரை வயல்களில் நடவு நடும் பெண்கள் இன்றும் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நாள் முழுவதும் குனிந்தபடி வேலை செய்கின்றனர்.

ஆகவே புடவை உழைப்புக்கு ஒவ்வாதது என்று சொல்வது சரியாகாது. உழைப்பதற்கென்று கட்டிய புடவை வேறு, அலுவலகத்துக்கென்று கட்டிய புடவை வேறு என்பதே உண்மை. பாதம் மறைய இறக்கிக் கட்டி, கொசுவத்துக்கு ஓர் ஊக்கு, தோளுக்கு ஓர் ஊக்கு, இடுப்புப் பகுதி விலகாமலிருக்க மற்றோர் ஊக்கு என்று பூட்டி வைக்கப்படும் ஆசிரியையின் புடவை, நாற்காலியில் அமர்ந்தும் கரும்பலகை அருகே நின்றும் பாடம் நடத்துவதற்கு உரிய கட்டு. தூக்கிச் செருகும் உரிமை நாற்று நடும் பெண்ணுக்கு உண்டு. ஆசிரியைக்கு அதைச் சமூகம் வழங்கவில்லை.

துணியின் தேர்விலும் தொழிலின் கணக்கு இருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் வெக்கையில் பருத்திக்கு இணை இல்லை என்பதை எல்லோரும் அறிவர். 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கடைகளில் சின்னாளப்பட்டிப் பருத்திப் புடவைகளையும், 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியையும், நெகமம் புடவைகளையும் தேடி வாங்குவோரில் ஆசிரியைகளுக்குத் தனி இடமுண்டு. சுங்குடி என்பது துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்க்கும்போது புள்ளிகள் தோன்றச் செய்யும் முறை. ஆனால் பருத்திப் புடவைக்கு வீட்டில் தனி உழைப்பு வேண்டும்: வடித்த கஞ்சியைத் துணியில் கட்டி வடித்து நீர்க்கக் கலந்து, புடவையை அதில் முக்கி எடுத்து, இருவர் இரு முனையைப் பிடித்து நீவி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகும் முன் இஸ்திரி போட்டால்தான் கொசுவம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையின் பாதியை விழுங்கும் இந்த வேலைக்கு நேரமில்லாதவர்கள், சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை போன்ற ஊர்களிலிருந்து வரும் செயற்கை இழைப் புடவைகளை நாடுகின்றனர். அவை கசங்குவதில்லை, சாயம் போவதில்லை, வியர்வையை மட்டும் உறிஞ்சுவதில்லை. வேலை நாளின் வெப்பத்தை உடலில் தாங்குவதா, விடுமுறை நாளின் உழைப்பைக் கையில் தாங்குவதா என்ற தேர்வு ஒவ்வொரு ஆசிரியையின் அலமாரியிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாளின் அசைவுகள்

அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வேலை நாளை அதன் உடல் அசைவுகளாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு மேலும் தெளிவாகும். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிற்க வேண்டும். வகுப்புக்குள் வந்ததும் கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். புடவைக்குப் பை கிடையாது என்பதால், அந்தக் கைப்பேசி ஒரு கையிலோ மேசை மேலோ தோள்பையிலோ மாறி மாறி இருக்கும். வகுப்பறைச் சாவி இடுப்புச் செருகலுக்குள் போகும், சாக்பீஸ் கையிலேயே தங்கும். ஆண் ஆசிரியர் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடும் பேனாவுக்கும் சில்லறைக்கும் பெண் ஆசிரியர் நாளெல்லாம் இடம் தேட வேண்டியிருக்கிறது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஒரு கை எப்போதும் ஏதோவொன்றைப் பிடித்திருக்கும் நிலையில் முப்பது குழந்தைகளைக் கவனிப்பது அவ்வளவு சிறிய செய்தியன்று.

கரும்பலகையின் மேல்விளிம்பில் தேதியையும் பாடத் தலைப்பையும் எழுதும்போது வலது கை தலைக்கு மேல் உயர்கிறது. முந்தானை இழுபட்டு, தோளிலுள்ள ஊக்கு ரவிக்கையோடு சேர்த்துத் துணியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஓரிடத்தில் இழைகள் நாளடைவில் விரிந்து கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டைகள் உண்டாவதால், பழைய பள்ளிப் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் முந்தானைக்கு அருகே ஊக்குத் தழும்புகள் வரிசையாகத் தெரியும். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட்டால் ஆனது; எழுதும்போதும் டஸ்டரால் அழிக்கும்போதும் உதிரும் அதன் வெண்தூள் அடர்நிறத் துணியில் உடனே தெரியும், வெளிர்நிறத் துணியில் மறையும். பல தனியார் பள்ளிகளில் ஆசிரியைகள் புடவைக்கு மேல் கோட்டு அணிவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இந்தத் தூளும் ஒன்று. கடலூரின் கோடை வெப்பத்தை நினைத்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் துணி எத்தகைய சுமை என்பதும் விளங்கும்.

முதல் வகுப்பில் அசைவுகள் இன்னும் கூடுகின்றன. மூக்கு ஒழுகும் குழந்தையைத் துடைத்துவிட வேண்டும். வாந்தி எடுத்த குழந்தையைத் தூக்கிக் குழாயடிக்கு ஓட வேண்டும். அம்மாவைத் தேடி அழும் குழந்தை முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பாடவேளை முழுவதும் விடாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் அதற்கு முன்பிருந்தே வரும் மதிய உணவும் சேர்ந்து, குழந்தைகள் சாப்பிடுவதைக் குனிந்து கவனிக்கும் வேளைகளை நாளுக்கு இரண்டாக்கியுள்ளன. இவற்றுடன், ஈரத் தரையுள்ள பள்ளிக் கழிப்பறையில் ஐந்தரை மீட்டர் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமாளிப்பதும், மாதவிடாய் நாள்களில் அதே உடையுடன் ஏழெட்டு பாடவேளை நிற்பதும், கருவுற்ற மாதங்களில் அடிவயிற்றை இறுக்கும் பாவாடை நாடாவைத் தளர்த்தவும் முடியாமல் இறுக்கவும் முடியாமல் தவிப்பதும் வெளியில் பேசப்படாத பகுதிகள்.

பாய்க்கு இறங்கிய வகுப்பறை

தமிழ்நாட்டின் தொடக்கக் கல்வியில் நாற்காலியின் காலம் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வரத் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியில் செயல்வழிக் கற்றல் அறிமுகமானது. 2007–08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. செயல்வழிக் கற்றல் என்பது, ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்கும் முறைக்கு மாறாக, படிப்படியாக அடுக்கப்பட்ட அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்க, ஆசிரியர் குழுக்களிடையே அமர்ந்து உதவும் முறை. இதற்காக வகுப்பறையின் சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வரையப்பட்டது. ஆசிரியரின் இருக்கை பாய்க்கு இறங்கியது.

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த மாற்றத்தை மேலும் ஆழப்படுத்தியது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து, பாடல், ஆடல், கதை, பொம்மலாட்டம் வழியாகக் கற்பிக்கும் இத்திட்டத்தில் ஆசிரியர் யானையாக அசைந்து நடக்க வேண்டும், தவளையாகத் தாவ வேண்டும், தரையில் வட்டமாக அமர்ந்த குழந்தைகளுள் ஒருவராக உட்கார்ந்து எழ வேண்டும். பாயில் அமர்ந்து எழும் ஒவ்வொரு முறையும் கொசுவத்தின் நுனி காலடியில் சிக்குகிறது. கீழ்மட்டப் பலகையின் முன் குத்துக்காலிட்டு அமர்ந்தால் முந்தானை தரையைத் துடைக்கிறது. திண்ணையில் இருந்த ஆசிரியரும் தரையோடு நெருங்கி இருந்தவர்தான். ஆனால் அவர் அசையவில்லை, மாணவர் அவரிடம் வந்தனர். பாயில் இருக்கும் ஆசிரியர் எல்லாக் குழந்தைகளிடமும் தாமே செல்கிறார். இந்தக் கற்பித்தல் முறை கேட்கும் உடல், நாற்காலிக் காலத்து உடை அனுமதிக்கும் உடலிலிருந்து வேறுபட்டது. உடை விவாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

சாலையிலும் ஓர் ஆபத்து

வகுப்பறைக்கு வந்து சேரும் வழியிலும் உடைக்கு ஒரு பங்குண்டு. இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்தவரின் முந்தானையோ ஷாலோ சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகளைத் தடுக்கவே, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சக்கரத்தின் பாதியளவுக்குக் குறையாமல் மூடும் ஒரு தடுப்பு பொருத்தப்பட வேண்டும் என்று வகுத்துள்ளது. பேச்சுவழக்கில் ‘சாரி கார்டு’ எனப்படும் அந்தக் கம்பிச் சட்டமே இது. ஷாலும் இதே அளவு ஆபத்தானது என்பதால், சுடிதாருக்கு மாறுவதே முழுத் தீர்வாகிவிடாது. இருபக்கமும் ஊக்குக் குத்தி, நுனியை முடிந்து, உட்காரும் முன் மடியில் எடுத்து வைக்கும் பழக்கமே பாதுகாப்பு. மழைக்காலத்தில், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது போன்ற நாள்களுக்குப் பின், சேறு வடியாத தெருக்களைக் கடந்து பள்ளிக்கு வருபவரின் புடவை விளிம்பு மாலைவரை ஈரம் உலராமல் கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

விதிகள் சொல்வது

இவ்வளவுக்கும் இடையே, தமிழ்நாட்டில் சட்ட நிலை தெளிவாகவே உள்ளது. 2019இல் தமிழ்நாடு அரசு தன் பணியாளர்களுக்கு வெளியிட்ட உடை நெறிமுறை, பெண்கள் புடவையோ, சல்வார் கமீஸோ, துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம் என்றும், ஆண்கள் பேண்ட்–சட்டையோ தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ அணியலாம் என்றும் கூறுகிறது. 2023இல் பள்ளிக் கல்வித் துறை தரப்பிலும், ஆசிரியைகள் சுடிதார் அணியலாம் என்ற இதே நிலை உறுதிப்படுத்தப்பட்டது. வேட்டிக்கு அதற்கு முன்னரே தனிச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்திருந்தது: வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் ஒரு மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டதை அடுத்து, பொது இடங்களில் உடையைக் காட்டி நுழைவைத் தடுப்பதற்கு எதிரான சட்டத்தை 2014இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

பிற இடங்களிலும் இதே கேள்வி வெவ்வேறு விடைகளைப் பெற்றுள்ளது. கேரளத்தில் 2021 நவம்பரில் உயர்கல்வித் துறை, ஆசிரியைகள் புடவைதான் உடுத்த வேண்டும் என்று எந்தக் கல்வி நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது எனச் சுற்றறிக்கை அனுப்பியது. அசாம் அரசு 2023 மே மாதத்திலும், மகாராஷ்டிர அரசு 2024 மார்ச்சிலும் ஆசிரியர்களுக்கு ஜீன்ஸ், டி-சர்ட் ஆகியவற்றை விலக்கி உடை நெறி வகுத்தன. இலங்கையில் ஆசிரியைகளுக்குப் பள்ளியில் சேலையே உடையாக நிலைபெற்றிருக்க, பொருளாதார நெருக்கடிக்கிடையே, 2022 நவம்பரில் சிலர் வேறு உடையில் பள்ளிக்கு வந்தனர். சேலையே தொடர வேண்டும் என்று கல்வி அமைச்சு வலியுறுத்தியது. இத்தகைய ஆணைகளில் கண்ணியம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ‘தரையில் அமர்தல்’ என்ற சொற்களுக்கு அவற்றில் இடமில்லை.

தமிழ்நாட்டில் ஆணை இடம் கொடுத்தாலும், பழக்கம் இடம் கொடுப்பதற்குக் காலம் எடுக்கிறது. ‘நம்ம ஸ்கூலுக்கு அது சரிவராது டீச்சர்’ என்ற மென்மையான ஒரு வாக்கியம், பல இடங்களில் அரசாணையைவிட வலிமையாக இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தலைமையாசிரியர்களும் மூத்த ஆசிரியைகளும் சொல்லாமல் விட்டாலே, ஆணை வகுப்பறையை வந்தடைந்துவிடும்.

குழந்தையின் கண்கள்

உடைக்குப் பொருளே இல்லை என்று சொல்வதும் தவறாகும். 1985 முதல் தமிழ்நாடு அரசு மாணவருக்கு விலையில்லாச் சீருடை வழங்கிவருகிறது. கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்பட்ட துணியை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. செல்வ வேறுபாட்டைக் குழந்தைகளிடையே மறைப்பதே சீருடையின் நோக்கம். ஆண்டு முழுவதும் ஒரே நிறத்தில் அமர்ந்திருக்கும் அந்தக் குழந்தைகளுக்கு, நாள்தோறும் மாறும் ஒரே வண்ணம் ஆசிரியையின் உடைதான். அதனால்தான் ஆசிரியை புதுப் புடவை உடுத்திய நாளை வகுப்பே அறிவிக்கிறது. ‘டீச்சர், இது பொங்கலுக்குக் கட்டினதுதானே?’ என்று நினைவுபடுத்தும் குழந்தை, பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்தாலும் அந்தக் கரையின் நிறத்தை மறப்பதில்லை. ஆடம்பர நகையும் பட்டும் தவிர்த்து எளிமையாக வருவது நல்லாசிரியரின் இயல்பாகக் கருதப்படுவது இந்தக் கண்களை மனத்தில் கொண்டுதான். அந்த எளிமைக்குப் புடவை மட்டுமே உரிய வடிவம் என்பதில்லை.

உடுத்துபவரின் மனத்தையும் உடை மாற்றுகிறதா என்று உளவியலாளர்கள் ஆராய்ந்ததுண்டு. 2012இல் ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகிய இருவர், மருத்துவரின் கோட்டு என்று சொல்லித் தரப்பட்ட வெள்ளைக் கோட்டை அணிந்தவர்களின் கவனம் கூடியதாகவும், அதே கோட்டை ஓவியரின் கோட்டு என்று சொன்னபோது அவ்வாறு கூடவில்லை என்றும் கூறினர். ஆனால் 2019இல் அந்த ஆய்வின் ஒரு பகுதியைப் பிறர் மீண்டும் செய்துபார்த்தபோது அதே முடிவு கிட்டவில்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு துணி ஆசிரியரைச் சிறந்த ஆசிரியராக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உடலுக்கு நெருக்கடி தராத உடை, கவனத்தைக் குழந்தையின் மீது வைத்திருக்க விடும் என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. இழுபடும் முந்தானையைச் சரிசெய்தபடியே பாடம் நடத்திய எந்த ஆசிரியையும் அதை அறிவார்.

புடவையை விரும்பி உடுத்தும் ஆசிரியைகள் ஏராளம். அவர்களுக்கு அது அன்னையிடமிருந்து வந்த கலை, கைத்தறிக்குச் செய்யும் துணை, தன்னம்பிக்கை தரும் அணி. சுடிதாரில் தாவிக் குதித்துக் கதை சொல்ல விரும்புவோரும் ஏராளம். ஒருவரே திங்கட்கிழமை புடவையிலும் விளையாட்டு விழா நாளில் சுடிதாரிலும் வர விரும்பலாம். எந்த நாளில் எந்த அசைவு தேவைப்படும் என்பதை அறிந்தவர் அந்த வகுப்பின் ஆசிரியர் ஒருவரே என்பதால், அந்த முடிவும் அவருக்கே உரியது.

மாலை மணி அடித்து, மேல்பட்டாம்பாக்கம் வழியாகச் செல்லும் கடைசி நெரிசல் பேருந்துக்காக நிற்கும் ஓர் ஆசிரியையின் உடையில் அந்த நாள் முழுவதும் எழுதப்பட்டிருக்கும். வலது தோளில் சாக்பீஸ் தூள், முழங்கால் மடிப்பில் பாயின் கோரைத் தடம், விளிம்பில் விளையாட்டுத் திடலின் செம்மண், இடுப்பருகே காலை முதல் பிடித்திருந்த ஒரு சிறு கையின் சோற்றுப் பிசுபிசுப்பு. புடவையானாலும் சுடிதாரானாலும் அந்தக் கறைகள் ஒரே இடங்களில்தான் படிகின்றன. ஆசிரியரின் உடைக்கு விதி எழுதுவோர் முதலில் படிக்க வேண்டிய ஏடு அதுவே.